ஓடும் வீட்டில் ஒரு தொட்டில்

தூக்கம் என்றால் எப்படி இருக்கும் என்பதே நிரோஷாவுக்கு மறந்து போயிருந்தது. கண்ணை மூடினால் காதுக்குள் மழை பெய்தது. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே பெய்துகொண்டே இருந்தது.

பலாங்கொடைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான அவர்களுடைய லயத்துச் சுவரில் விரிசல் விட்டு, மேட்டு மண் இறங்கலாம் என்று ஆட்கள் வந்து சொல்லிப் போனதிலிருந்து, லயத்து ஜனம் முழுக்கத் தோட்டத்துப் பள்ளிக்கூட ஹாலில்தான் படுத்துக் கிடந்தது. ஒருத்தர் இருமினால் ஊரே விழித்துக்கொள்ளும். நிரோஷாவின் கைக்குழந்தை அனிற்றா அழுதால் கேட்கவே வேண்டாம். அவள் பிறந்ததிலிருந்து சேலைத் தொட்டிலில் தூங்கிப் பழகியவள். லயத்துக் காம்பரா அறையில் முகட்டு மரத்தில் தொட்டில் கட்டி ஓர் ஆட்டு ஆட்டினால் போதும், கண் சொருகிவிடும். பள்ளிக்கூட ஹாலில் தொட்டில் கட்ட எட்டுகிற உயரத்தில் ஒரு கம்பிகூட இல்லை. தோளில் போட்டுத் தட்டித் தட்டி நிரோஷாவுக்குத் தோள்பட்டையே தன்னுடையதா என்று தெரியாமல் போய்விட்டது.

அப்போதுதான் ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிற அக்கா செலினா போன் பண்ணினாள்.

"ஏன்டி அங்க கெடந்து சாகுற? புள்ளைய தூக்கிட்டு இங்க வா. மழை விடுற வரைக்கும் இருந்துட்டுப் போ. வரும்போது ஒன்னோட குழவிக்கல்ல எடுத்துட்டு வா. என் குழவி ரெண்டா ஒடைஞ்சு போச்சு. சம்பல் அரைக்க வழியில்ல."

"தங்கச்சி வரணுமா, தங்கச்சியோட குழவி வரணுமா?"

"ரெண்டும் வரணும். மொதல்ல குழவி."

அக்கா சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா?

போவதற்கு ஒரு வழியும் தானாகவே வாய்த்தது. நிரோஷாவின் புருஷன் எட்வின் பலாங்கொடை டவுனில் அப்துல் ரஸாக்கிடம் டிரைவர் வேலை பார்த்தான். அவரை 'நானா', அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். ரஸாக் ஒரு பழைய சின்ன பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, அலுமாரி எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக மாற்றியிருந்தார். ஊர் பார்க்க வருகிறவர்கள் அதை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து அதிலேயே தூங்கித் திரிவார்கள். டவுனில் எல்லோரும் அதை 'வீட்டு பஸ்' என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாடகைக்காரர்கள் மறுநாள் காலையில் ருவான்வெல்லையில் ஏறுகிறார்கள். பஸ்ஸை முதல் நாளே கொண்டுபோய்க் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். வெறுமையாகப் போகிற பஸ்தானே, பெண்சாதி பிள்ளையை ஏற்றிக்கொண்டு போ என்று ரஸாக்கே சொல்லிவிட்டார்.

அன்று காலை ரஸாக் வீட்டு முற்றத்தில் தூறல். எட்வின் துணி மூட்டையையும் பால்மா டின்னையும் ஏற்றிவிட்டு, கடைசியாகச் சாக்கில் சுற்றிய குழவிக்கல்லைத் தூக்கினான்.

"ஏ புள்ள, லயமே இடியப் போகுதுன்னு ஜனம் பொறப்பு சட்டிபிக்கேட்டத் தேடுது, நகையத் தேடுது. நீ மட்டும்தான் கல்லத் தூக்கிட்டு ஓடியாந்த."

"அக்கா கேட்டுச்சு."

"அக்கா நாளைக்கு அம்மியையும் கேக்கும். அதையும் முதுகுல கட்டிக்க."

ரஸாக் குடையைப் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "எட்வின், கேஸ் மூடினதா? அலுமாரிக் கொண்டி எல்லாம் போட்டதா? இது பஸ்ஸும் இல்ல, வீடும் இல்ல, கேட்டியா? வீட்டுல வச்ச சாமான் வச்ச எடத்துல ஈக்கும். இதுல கட்டாத சாமான் எல்லாம் பறக்கும். போன தடவ ஒரு கேத்தல் பறந்து என்ட கண்ணாடிய உடச்ச."

நிரோஷா பயந்துபோய்க் குழவிக்கல்லைத் துவாயில் சுற்றி, கை கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அறைக்குள் தள்ளிக் கொண்டியைப் போட்டாள்.

ரஸாக்கின் மகள் றிஸ்மியா வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிரோஷாவுக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அவளுடைய மகன் வளர்ந்துவிட்டதால் இருக்கை சும்மா கிடந்தது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் பீங்கான் வைக்கிற அலுமாரி, அதற்குப் பின்னால் பெல்ட் உள்ள இரண்டு சீட்டுகள் மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். ஜன்னல் பக்கத்துச் சீட்டில் றிஸ்மியா அந்த இருக்கையைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து, பெல்ட்டால் இறுக்கி, முழங்காலால் அழுத்தி அசைத்துப் பார்த்தாள்.

"ஏன் பின்னுக்குப் பாக்க வைக்கிறீங்க? புள்ளைக்கு ரோடு தெரியாதே."

"ரோட்டப் பாத்து இவ என்ன லைசனா எடுக்கப் போற?" றிஸ்மியா சிரித்தாள். "பிரேக் அடிச்சா முதுகு தாங்கும், கழுத்துக்கு ஒண்டும் ஆகாது. அதுக்குத்தான். நிரோஷா, ஒரு விஷயம். அழுவா. என்ட மகன் இதுல அழுத அழுகைக்கு நானும் சேர்ந்து அழுதீக்கிறேன். அழுதா வண்டிய நிப்பாட்டித் தூக்குங்க. சக்கரம் உருளுற நேரம் மட்டும் தூக்க வேணாம். சரியா?"

"சரி."

"சும்மா சரி சொல்லாதீங்க."

"இல்ல றிஸ்மியா, தூக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாள். சொல்லும்போது குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. சிரிக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு எந்த வாக்கும் கொடுக்கலாம்.

பஸ் டவுனைத் தாண்டுவதற்குள் அனிற்றா தொடங்கிவிட்டாள். முதலில் முனகல். பிறகு இருக்கையின் பட்டியைக் கையால் பிடித்து இழுத்து ஓர் அழுகை. பிறகு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முகம் சிவந்து ஓர் அலறல். நிரோஷா தன் பெல்ட்டைப் போட்டபடியே சாய்ந்து நெஞ்சைத் தட்டிக் கொடுத்தாள். கிலுக்கை ஆட்டினாள். ஜெபப் பாட்டு ஒன்றைப் பாடினாள். குழந்தை பாட்டைவிடச் சத்தமாக அழுதது.

ஓப்பநாயக்கவுக்கு வந்ததும் எட்வின் வண்டியை ஓரங்கட்டினான். நிரோஷா பட்டியைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கியதும், மாயம் போல அழுகை நின்றது. கீழே இறங்கி நின்றார்கள். அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "நங்கி, பபாட நிதிமதத?" என்றாள். குழந்தைக்குத் தூக்கம் வருதா தங்கச்சி என்று கேட்கிறாள். நிரோஷாவும் சிங்களத்திலேயே, தூக்கம் வருகிறது அக்கா, ஆனால் தூங்கத்தான் மாட்டேன் என்கிறது என்று சொன்னாள். அந்த அம்மா நிரோஷாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குழந்தையைப் பற்றிக் கேட்டதை இவளைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, ஒரு சோளத்தை எடுத்துக் கையில் வைத்து, காசை வாங்க மறுத்துவிட்டாள்.

தோளில் போட்டுத் தட்டியதும் அனிற்றாவின் கண் செருகியது. பூப்போல இருக்கையில் கிடத்தினாள் நிரோஷா. பட்டியின் கொக்கி 'டிக்' என்றது. குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கே விட்டதோ அங்கேயிருந்து தொடங்கியது.

பெல்மதுளையில் ஒரு தடவை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு கோயில் வாசலில். அதற்குப் பிறகு ஒரு பெட்ரோல் ஷெட்டில். தூக்கினால் தூங்கும். வைத்தால் விழிக்கும். மழை ஒரு வளைவில் பெய்தது, அடுத்த வளைவில் விட்டது. எட்வினின் கழுத்து நரம்பு புடைத்திருப்பது அலுமாரிக்குப் பக்கத்து இடைவெளியில் நிரோஷாவுக்குத் தெரிந்தது. அவனும் பள்ளிக்கூட ஹாலில்தானே படுத்திருந்தான்? அவனுக்கு மட்டும் தூக்கம் எங்கிருந்து வரும்?

"நிரோ," என்றான் ரோட்டைப் பார்த்தபடி. "இப்பிடி நின்னு நின்னு போனா இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர மாட்டோம். பஸ் கழுவணும். பேசாம மடியில வச்சுக்கயேன்."

"வேணாங்க."

"நாங்க எல்லாம் யார் மடியில வளந்தோம்? லொறில, பஸ்ஸுல, த்ரீவீல்ல, எல்லாம் மடியிலதான வந்தோம். செத்தா போய்ட்டோம்?"

"நான் அந்த றிஸ்மியா புள்ளகிட்ட சொல்லிட்டு வந்தேங்க."

"அந்தப் புள்ள இங்க உக்காந்து இந்த அழுகையக் கேட்டா அதுவே சொல்லும், தூக்குங்கன்னு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பில் சொன்னான். களைத்த மனுசன் சொல்வது கோபம் போலத்தான் கேட்கும். நிரோஷாவின் கை இருக்கையின் கொக்கி வரை போனது, திரும்பி வந்தது. மறுபடியும் போனது. வைத்திருக்கிற கையில் தூக்கம் சொக்கிப் பிள்ளை நழுவிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவளைத் தடுத்தது. தன் கையையே நம்ப முடியாத அளவுக்கு அவளுக்கு அலுப்பு.

இரத்தினபுரி நெரிசலில் நின்றபோதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். பஸ்ஸை வீடாக்கிய ரஸாக், மேலே நின்று வருகிறவர்கள் பிடித்துக்கொள்கிற இரும்புக் கம்பியைக் கழற்றவில்லை. துணி காயப் போட உதவும் என்று விட்டு வைத்திருந்தார். கூரையோரமாக, முன்னிருந்து பின்வரை, லயத்துக் காம்பராவின் முகட்டு மரம் மாதிரி அது நீண்டு கிடந்தது.

இவ்வளவு நேரம் இது தலைக்கு மேலேயேவா இருந்தது?

குருவிட்டையைத் தாண்டியதும், "ஏங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றாள். எட்வின் ரோட்டோரம் ஒதுக்கினான். அவள் மூட்டையை அவிழ்த்துத் தொட்டில் சேலையை எடுத்தாள். பல தடவை துவைத்துப் பால் வாசனை ஏறிப்போன பழைய வாயில் சேலை. அதைப் பார்த்ததும் எட்வினுக்கு அவள் என்ன நினைக்கிறாள் என்று விளங்கிவிட்டது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அட, இது காலைலயே தோணாம போச்சே! குடு இப்பிடி."

அவனே கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். தொங்கிப் பார்த்தான். "என்னையே தாங்குது. வளைவுக்கு வளைவு தானா ஆடும். நீ ஆட்டவும் வேணாம்." தொட்டில் அவர்களுடைய சீட்டுக்குச் சற்றுப் பின்னால், நடைபாதையில் தொங்கியது. நிரோஷா அதன் ஓரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, தன் சீட்டில் இருந்தபடியே இழுக்கப் பார்த்தாள். சரியாக வந்தது. இனித் தூங்குவாள். பிள்ளை தூங்கினால் தானும் கொஞ்சம் கண்ணை மூடலாம். அந்த நினைப்பிலேயே அவளுக்குக் கண் கரித்தது.

குழந்தையைத் தூக்கினாள். தொட்டில் வரை போனவள் நின்றாள்.

"என்ன?"

"கல்லு போடணும்."

"என்ன கல்லு?"

"புது எடத்துல தொட்டி கட்டுனா வெறுந்தொட்டில புள்ளைய போடக் கூடாதுங்க. மொதல்ல குழவிக்கல்லப் போட்டு ஆட்டணும். காம்பராவுல கட்டுனப்பவும் அப்பிடித்தான செஞ்சோம்?"

எட்வின் தலையில் கை வைத்தான். "அடியே, ஞானஸ்நானத்துக்கு வந்தப்ப சாமியாரே கேட்டாரு, இந்தக் கல்லுக்கும் சேத்துத் தண்ணி ஊத்தவான்னு. லயமே சிரிச்சுச்சு. இப்ப ரோட்டுலயும் ஆரம்பிக்கிறியா?"

"சாமியார் சிரிச்சாரு. வேணாம்னு சொல்லல்ல."

"நேரம் போகுது நிரோ."

"ஒரு நிமிசம்ங்க. இவளுக்கு வயித்து வலி கியித்து வலி வந்தா நீங்களா பாப்பீங்க?"

அவளுக்கும் அந்த வழக்கத்தில் அப்படியொன்றும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பிள்ளை விஷயத்தில் இருக்கிற பயங்களோடு இன்னொரு பயத்தையும் சேர்த்துச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை. கல்லைப் போட்டு ஆட்டிவிட்டால் ஒரு பயம் குறையும். அவ்வளவுதான்.

கை கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்து குழவிக்கல்லை எடுத்து, துவாயோடு சேலைக்குள் கிடத்தினாள். சேலை அந்தப் பாரத்துக்கு இறங்கிக் குழிந்தது. பிள்ளையைப் போட்டால் எவ்வளவு குழியுமோ அவ்வளவு. அதே சமயம் பின்னால் வந்த ஒரு லொறி ஹோர்னை அடித்தது அடித்தபடி நின்றது. ரோடு ஒடுங்கலான இடம். வீட்டு பஸ் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இவன் வேற!" எட்வின் முன்னால் ஓடினான். "நிரோ, நான் எடுக்கணும். புள்ளைய வையி!"

"கல்லு இன்னும் ஆட்டல்ல!"

"போயிட்டே ஆட்டு! முன்னுக்கு எங்கயாவது நிப்பாட்டுறேன், அப்ப புள்ளைய மாத்திப் போடு. இப்ப சீட்டுல வையி!"

நிரோஷா குழந்தையை இருக்கையில் வைத்துப் பட்டியை மாட்டினாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துக்கொண்டாள். அனிற்றா அலறினாள். பஸ் நகர்ந்தது. நிரோஷா ஒரு கையால் பிள்ளையின் நெஞ்சைத் தட்டிக்கொண்டே மறு கையால் தொட்டில் கயிற்றை இழுத்தாள். இங்கே பிள்ளை அழுகிறது, அங்கே கல்லுக்குத் தாலாட்டு நடக்கிறது. அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது. "இரு செல்லம், கல்லு தூங்கட்டும், அப்புறம் நீ தூங்கலாம்," என்றாள். தொட்டில் அழகாக ஆடியது. ஒரு வளைவில் வலப்பக்கம் போனது. அடுத்த வளைவில் இடப்பக்கம் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே கண் சொக்கியது.

எதிரே, ஒரு லொறியை முந்திக்கொண்டு பஸ் ஒன்று முழு ரோட்டையும் அடைத்து வந்தது.

நிரோஷா அதைப் பார்க்கவில்லை. "அம்மே!" என்ற எட்வினின் சத்தத்தை மட்டும் கேட்டாள். பிரேக் கிறீச்சிட்டது. பெல்ட் அவள் தோளை வெட்டியது. அவள் காதோரம் ஏதோ ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போனது. அலுமாரி வெடித்தது போல ஒரு சத்தம். பீங்கான் பொலபொலவென்று உதிர்ந்தது. பஸ் ஓரத்துப் புல்லில் ஏறிக் குலுங்கி நின்றது. எதிரே வந்தவன் ஹோர்னை அடித்துக்கொண்டே போய்விட்டான்.

அமைதி. மழைத்துளி கூரையில் விழுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி.

அனிற்றா அழவில்லை. கண்ணை அகலத் திறந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகை இருக்கை தாங்கியிருந்தது. பட்டி இருந்த இடத்தில் இருந்தது. கால் இரண்டையும் ஒரு தடவை உதைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு, நல்லவேளை, அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் நிரோஷாவுக்கு மூச்சு வந்தது.

எட்வின் எழுந்து பின்னால் வந்தான். "புள்ளைக்கு? ஒனக்கு?" என்று கேட்டபடியே பார்த்தான். அலுமாரிக் கதவு நடுவிலே பிளந்து உள்ளே போயிருந்தது. உடைந்த கோப்பைகளுக்கு நடுவே குழவிக்கல் கிடந்தது. பின்னால் கம்பியில் தொட்டில் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் துவாய் மட்டும் மாட்டித் தொங்கியது.

அவன் கல்லைப் பார்த்தான். தொட்டிலைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். குனிந்து கல்லைத் தூக்கினான். காலையில் சாக்கு மூட்டையாகத் தூக்கியபோது ஒற்றைக் கையால் தூக்கியவன், இப்போது இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினான். அப்படியே படியில் போய் உட்கார்ந்தான்.

"இவ கனம்தான் இருக்கு," என்றான்.

நிரோஷா பட்டியைக் கழற்றினாள். விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. ஒருவழியாகப் பிள்ளையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராத அழுகை. அலுத்துப் போனவர்களுக்கு அழுகைக்கும் சத்தம் மிச்சமிருப்பதில்லை.

"நான்தான் கட்டச் சொன்னேன்," என்றாள்.

"முடிச்சுப் போட்டது நான்." எட்வின் எழுந்து கம்பியில் கை வைத்தான். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். கல்லின் பாரத்தில் அது இறுகிக் கல்லாகவே ஆகியிருந்தது. நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான், வரவில்லை. சேலையைச் சுருட்டிக் கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, கைபேசியை எடுத்தான்.

ரஸாக் ஸ்பீக்கரில் கத்தினார். "என்னா? அலுமாரிக் கதவா? அல்லாஹ்வே, அது போன மாசம் போட்ட கதவுடா! எது பறந்த?"

"குழவிக்கல்லு, நானா."

"என்னது?"

"அம்மில அரைக்கிற குழவி."

"கட்டாத சாமான் பறக்கும்னு நான் சொல்லல்லயா? குழவி எப்பிடிடா வெளிய வந்த?"

எட்வின் நிரோஷாவைப் பார்த்தான். மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியிருக்கும். மறைக்கவும் தெம்பு வேண்டுமே. "தொட்டி கட்டினோம் நானா, மேல் கம்பில. புள்ளைய போடுறதுக்கு மொதல்ல கல்லைப் போட்டோம். அது எங்க பழக்கம். அந்த நேரம் பிரேக் அடிச்சிட்டேன்."

"புள்ள எங்க ஈந்த?"

"சீட்டுல. பெல்ட் போட்டு."

ரஸாக் மூச்சு விடுவது கேட்டது. பக்கத்தில் றிஸ்மியாவின் குரல், "வாப்பா, என்னவாம், என்னவாம்?" என்றது.

"எட்வின், கேளு," என்றார் ரஸாக். குரல் தணிந்திருந்தது. "கதவு போனா போகட்டும். நீ இப்ப ஓட்டாத. ஒனக்குப் பதறுது, பேச்சுலயே தெரியிது. ரோட்ட விட்டு உள்ளுக்கு எங்கயாவது போட்டுட்டு, ரெண்டு பேரும் படுத்து எழும்பிப் போங்க. நாளக்கி வாறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன், பகலைக்கு ஏறச் சொல்லி. கதவு விஷயம் நீ வந்த பொறகு பேசுவோம். பேசுவோம், மறக்க மாட்டேன்."

எட்வின் மெல்ல ஓட்டினான். அனிற்றா இருக்கையில் அழுதுகொண்டே வந்தாள். கொஞ்ச தூரத்தில் ரோட்டிலிருந்து விலகி, ரப்பர் மரங்களுக்கு ஊடே ஒரு சிற்றாலயம் இருந்தது. அதன் முன்னால் மட்டமான ஒரு நிலம். அங்கே பஸ்ஸை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹான்ட் பிரேக்கை இழுத்தான். அதுவும் போதாது என்று தோன்றியதோ என்னவோ, இறங்கி இங்கும் அங்கும் பார்த்தான். அடைகொடுக்க ஒரு கல்லும் அகப்படவில்லை. உள்ளே வந்து குழவிக்கல்லை எடுத்துக்கொண்டு போய், முன் சக்கரத்துக்குக் கீழே வைத்தான்.

"ரஸாக் நானா சொன்ன மாதிரிதான், எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்கு," என்று முணுமுணுத்தான். ரஸாக் அப்படிச் சொல்லவில்லை. நிரோஷா திருத்தவில்லை.

சக்கரம் நின்றுவிட்டது. ரப்பர் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிரோஷா அண்ணாந்து கம்பியைப் பார்த்தாள். அவிழாத முடிச்சு அங்கேயே இருந்தது. சேலையை விரித்து இறக்கினாள். ஒரு தடவை கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை.

"கல்லு வேணாமா?" என்றான் எட்வின்.

"ஆட்டியாச்சு," என்றாள்.

அனிற்றாவைக் கிடத்தினாள். குழந்தை சேலைக்குள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. பழைய வாசனை தெரிந்ததோ என்னவோ, பெரிய மனுசி மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது. ஓர் ஆட்டு. இன்னோர் ஆட்டு. கண் சொருகிவிட்டது.

எட்வின் கட்டிலில் குறுக்கே விழுந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குறட்டை விட்டான். நிரோஷா உடைந்த பீங்கானைப் பொறுக்கித் தாளில் சுற்றி வைத்தாள். தொட்டிலுக்குக் கீழே தலையணை இரண்டைப் போட்டாள். அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சேலையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். தூங்கக் கூடாது என்று நினைத்தாள். காதோரம் அந்தக் காற்று மறுபடியும் கிழித்துக்கொண்டு போனது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. சேலையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக, மெத்தென்று, மூச்சோடு இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். எத்தனை தடவை தொட்டாளோ, தொட்ட கை அங்கேயே இருக்க, அவளும் தூங்கிப் போனாள்.

யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்ததில் விழித்தாள். தொட்டிலுக்கு வெளியே ஒரு குட்டிக் கை நீண்டு அவள் கொண்டையைப் பிடித்திருந்தது. மழை விட்டிருந்தது. மரங்களுக்கு இடையே சாய்ந்த வெயில். ஓப்பநாயக்கவில் அந்த அம்மா கொடுத்த சோளம் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதை உடைத்துப் பாதியை எட்வினுக்குக் கொடுத்து எழுப்பினாள்.

பால் கொடுத்து, துணி மாற்றி, பிள்ளையை இருக்கையில் வைத்தாள். சேலையை எட்வின் கத்தியால் முடிச்சோடு அறுத்து இறக்கினான். அவள் தடுக்கவில்லை. நல்ல நீளமான சேலைதான், அக்கா வீட்டு முகட்டில் கட்ட மிச்சம் போதும்.

கொக்கி 'டிக்' என்றது. அனிற்றா அம்மாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அழு," என்றாள் நிரோஷா, தன் பெல்ட்டையும் போட்டபடி. "ஒனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு அழு. அம்மா பக்கத்துலதான் இருக்கேன். எங்கயும் போக மாட்டேன். தூக்கவும் மாட்டேன்."

அனிற்றா அழுதாள். எட்வின் எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டான். பஸ் முக்கியது. நகரவில்லை. மறுபடியும் முக்கியது.

"என்னடா இது?"

"ஏங்க, கல்லு!"

எட்வின் இறங்கி ஓடினான். சேறு அப்பிய குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, கை கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்து, கொண்டியைப் போட்டான். போட்ட கொண்டியை இழுத்துப் பார்த்தான். பிறகு ஒரு கயிற்றையும் சுற்றினான்.

"இதை விட்டுட்டுப் போயிருந்தா ஒங்கக்கா நம்மள வாசல்லயே நிக்க வச்சிருக்கும்," என்றான்.

நிரோஷாவுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. பஸ் மெதுவாக ரோட்டில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்து முந்திக்கொண்டு போனார்கள். எட்வின் எல்லோருக்கும் வழி விட்டான். ருவான்வெல்லை வரை பிள்ளை அழுதது, நின்றது, மறுபடியும் அழுதது. நிரோஷா ஒரு கையால் அவளுடைய நெஞ்சைத் தட்டிக்கொண்டே வந்தாள்.